லாக் புக்கிலிருந்து ரெஸ்யூமே வரை: ஒன்பது மாத வேலைக் குறிப்பு

போன வருடம் ஜூனில் எங்கள் கம்பெனியில் உற்பத்திப் பிரிவு உதவி மேலாளர் பதவிக்கு உள்ளுக்குள்ளேயே நேர்காணல் வைத்தார்கள். கோவை கணபதி பக்கம் இருக்கும் யூனிட். மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் பம்புக்கான கேஸிங் என்ற வெளிக்கூடு, பிராக்கெட், கவர் எல்லாம் மெஷினிங் செய்து கொடுப்போம். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். இந்த லைனில் பதினான்கு வருடம், அதில் ஏழு வருடம் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பதவி எனக்குத்தான் என்று ஷாப்பில் பேசிக்கொண்டார்கள்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் மூத்தவர் என் ரெஸ்யூமேயைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இந்த ஏழு வருஷத்துல உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் சூப்பர்வைசரா இருந்திருந்தா, எது நடக்காம போயிருக்கும்?" நான், "எல்லா வேலையும் பார்த்துக்குவேன் சார், ஷிஃப்ட் நிக்க விட்டதில்ல" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பதவி வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது.

கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. என்னிடம் பதில் இருக்கிறதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் உறுத்தியது. ஒரு மெஷின் கோளாறைப் பார்ப்பது போல இதையும் பார்ப்போம் என்று ஜூலையில் ஆரம்பித்தேன். இந்த மார்ச்சில் முடிந்தது. என்னைப் போல ஷாப் ஃப்ளோரில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் சேகரித்தவை

பழைய ரெஸ்யூமே ஒரு காப்பி, பி.எஃப். பாஸ்புக், சம்பள ஸ்லிப்புகள், என் ஷிஃப்டின் லாக் புக்குகள், கழித்துப் போட்ட பீஸை எழுதும் ரிஜெக்ஷன் ரெஜிஸ்டர், கேஸ்டிங் (வார்ப்பு) உள்ளே வரும்போது எழுதும் இன்வர்டு ரெஜிஸ்டர். இவற்றோடு ஒரு 200 பக்க கோடு போட்ட நோட்டு. கம்பெனி ரெஜிஸ்டர்களை ஷிஃப்ட் முடிந்த பிறகு அங்கேயே உட்கார்ந்து பார்க்க மேலாளரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு எதையும் எடுத்துப் போகவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. வேண்டிய எண்களை மட்டும் நோட்டில் கையால் எழுதிக்கொண்டேன். வாடிக்கையாளர் பெயரும் விலையும் என் நோட்டில் எங்கும் கிடையாது.

பி.எஃப். தளத்தில் யு.ஏ.என். எண் (எந்தக் கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) போட்டு உள்ளே போனால் சர்வீஸ் ஹிஸ்டரி என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்று அதில் வரும். என் ரெஸ்யூமேயில் இரண்டாவது கம்பெனியில் சேர்ந்தது 2013 மார்ச் என்று இருந்தது. பாஸ்புக்கில் 2013 செப்டம்பர். ஆறு மாத வித்தியாசம். வேண்டுமென்று எழுதியதில்லை, ஞாபகத்திலிருந்து எழுதியது. ஆனால் வேலை கொடுப்பவர் சரிபார்க்கும்போது பொய் என்றுதான் நினைப்பார். நடுவில் ஆறு மாதம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊரில் இருந்தேன். இப்போது அதை அப்படியே எழுதிவிட்டேன்.

புத்தகம்

எனக்குக் கதை பிடிக்கும், கட்டுரை ஓடாது. அதனால் கதையாக எழுதப்பட்ட ஒரு மேலாண்மைப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 'தி கோல்'. எலியாகு கோல்ட்ராட், ஜெஃப் காக்ஸ் இருவரும் சேர்ந்து எழுதி 1984இல் வந்தது. கோல்ட்ராட் இஸ்ரேல்காரர், படித்தது இயற்பியல். மூடப்படும் நிலையில் இருக்கும் ஒரு தொழிற்சாலை, அதைக் காப்பாற்ற மேலாளருக்குக் கொடுக்கப்படும் மூன்று மாதம். இதுதான் கதை.

ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் படிக்கவில்லை, காலையில் ஐந்தரை மணிக்கு மேசையில் உட்கார்ந்து பென்சிலோடு படித்தேன். புத்தகத்தில் ஒரு விஷயம் வந்தால், அது எங்கள் ஷாப்பில் எங்கே இருக்கிறது என்று ஓரத்தில் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் புத்தகமும், முன்னால் வாங்கி வைத்த மற்ற நாலைந்து புத்தகங்களைப் போலத்தான் என் மேல் பட்டுவிட்டுப் போயிருக்கும்.

சாரணச் சிறுவர்கள் வரிசையாக மலைப்பாதையில் நடக்கும் இடம் ஒன்று வருகிறது. ஹெர்பி என்ற பையன் மெதுவாக நடக்கிறான். மற்றவர்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் இடைவெளிதான் கூடுகிறதே தவிர, மொத்தக் கூட்டமும் அவன் வேகத்தில்தான் ஊர் போய்ச் சேரும். கடைசியில் அவனை முன்னால் விட்டு, அவன் முதுகுப் பையில் இருந்த பாரத்தை மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் என்ன எழுதுவது? எங்கள் ஹெர்பி யார்? அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குப் போனேன். அப்புறம் இரண்டு வாரம் அடுத்த பக்கத்தைத் திறக்கவில்லை.

எட்டு மணிக் கணக்கு

இரண்டு வாரமும் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு மெஷின் முன்னாலும் காத்துக்கிடக்கும் பீஸை எண்ணினேன். எங்களிடம் கம்ப்யூட்டர் வழி ஓடும் இரண்டு சி.என்.சி. லேத், அதே போல ஓடி ஓட்டை போட்டு மரை வெட்டும் ஒரு வி.எம்.சி., கடைசியில் தண்ணீர் அழுத்தத்தில் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் பெஞ்ச். லேத் முன்னால் 20, 30 என்று இருந்தது. டெஸ்ட் பெஞ்ச் முன்னால் பத்துக்கும் குறைவு. வி.எம்.சி. முன்னால் 140க்குக் கீழே ஒரு நாளும் இறங்கவில்லை. டிரில்லிங்கும் டேப்பிங்கும் நடக்கும் அந்த ஒரு மெஷின்தான் எங்கள் ஹெர்பி. தினமும் அந்தக் குவியலைச் சுற்றிக்கொண்டுதான் நடந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் என் ரெஸ்யூமேயின் முதல் வரி சரிந்தது. "லேத்தில் இன்சர்ட் மாற்றி, ஃபீடு கூட்டி, சைக்கிள் டைமை 12 சதவீதம் குறைத்தேன்" என்று பெருமையாகப் போட்டிருந்தேன். சைக்கிள் டைம் என்றால் ஒரு பீஸ் முடிய ஆகும் நேரம். உண்மைதான், நான்கு மாதம் பாடுபட்டுச் செய்தது. ஆனால் லேத் வேகமானதால் ஒரு பம்ப் கேஸிங்கூட அதிகமாக லாரி ஏறவில்லை. வி.எம்.சி. முன்னால் குவியல் உயர்ந்தது, அவ்வளவுதான். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அந்த வரியை அடித்தேன்.

வி.எம்.சி.யில் மாடல் மாற்றும்போது ஆகும் செட்டிங் நேரத்தைக் கடிகாரம் வைத்துக் குறித்தேன். பன்னிரண்டு முறை பார்த்ததில் சராசரி 74 நிமிடம். அதில் டி-போல்ட்டும் ஆலன் கீயும் தேடுவது 11 நிமிடம், ரேக்கிலிருந்து ஃபிக்ஸ்சரை (பீஸைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) டிராலியில் கொண்டுவருவது 9, டயல் வைத்து ஃபிக்ஸ்சரை நேர் செய்வது 18, டூல் மாற்றி ஆஃப்செட் போடுவது 16, முதல் பீஸைக் குவாலிட்டி ரூமுக்கு அனுப்பி ஓ.கே. வரும்வரை சும்மா நிற்பது 20. கடைசி எண்ணைப் பாருங்கள். மெஷினும் நிற்கிறது, ஆளும் நிற்கிறான், மற்ற மெஷின்களின் பீஸ் எல்லாம் அளந்து முடிந்த பிறகு எங்கள் பீஸின் முறை வருகிறது.

மெஷின் நிற்கும்போது மட்டுமே செய்ய வேண்டிய வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியது எது என்று பிரிப்பது ஜப்பானிய எஞ்சினியர் ஷிகியோ ஷிங்கோ சொல்லிக்கொடுத்த முறை. டூலும் போல்ட்டும் வைக்க ஒரு டிராலி செய்தோம். அடுத்த ஃபிக்ஸ்சர் முந்தின ஜாப் ஓடும்போதே மெஷின் பக்கத்தில் வந்து நிற்கும். வி.எம்.சி. முதல் பீஸ் என்றால் குவாலிட்டி ரூமில் சிவப்பு டிரேயில் வைக்க வேண்டும், அதைத்தான் முதலில் அளப்பார்கள் என்று பேசி முடித்தோம்.

டயல் வைக்கும் 18 நிமிடத்துக்கு எனக்கு வழி தெரியவில்லை. மெஷினில் இருபது வருடமாக நிற்கும் அண்ணன் ஒருவர்தான் சொன்னார். "ஏனுங் தம்பி, டேபிள் ஸ்லாட்டுல ரெண்டு பின்னு போட்டு, எல்லா ஃபிக்ஸ்சருக்கும் அடியில அதே எடத்துல ஓட்டை போட்டுட்டா, கொண்டாந்து வெச்சா உக்காந்துக்குமுங்ளே?" இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலீங்" என்றார். ஃபிக்ஸ்சர் எல்லாவற்றிலும் ஓட்டை போட்டு, ஹார்டன் செய்த புஷ் (ஓட்டை தேயாமல் காக்கும் வளையம்) அடிக்க ஆறு வாரம் ஆனது. செலவுக்கு அனுமதி வாங்க நான் மூன்று முறை மாடி ஏறி இறங்கினேன்.

நவம்பரில் மறுபடி பன்னிரண்டு செட்டிங்கை அளந்தேன். தேடுவது 2, கொண்டுவருவது பூஜ்யம், நேர் செய்வது 6, டூல் 14, முதல் பீஸ் 9. மொத்தம் 31 நிமிடம். ஒரு செட்டிங்குக்கு 43 நிமிடம் மிச்சம். வாரத்துக்கு ஒன்பது செட்டிங், ஆக 387 நிமிடம், ஏறக்குறைய ஆறரை மணி நேரம். இந்த ஆறரை மணி நேரம் லேத்தில் கிடைத்திருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. வி.எம்.சி.யில் கிடைத்ததால் சராசரி 9 நிமிடத்துக்கு ஒன்று என்று வாரத்துக்கு 43 பீஸ் கூடுதலாக வெளியே போகிறது.

என்னுடையது அல்லாத சாதனை

பழைய ரெஸ்யூமேயில் இரண்டாவது வரி: "ரிஜெக்ஷனைப் பாதியாகக் குறைத்தேன்." 6.5 சதவீதத்திலிருந்து 3.2. எல்லோருக்கும் தெரிந்த எண், வருடாந்திரக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய எண். ஆதாரத்தோடு எழுதிவிடலாம் என்று ரெஜிஸ்டரைத் திறந்தேன்.

முந்தைய ஆறு மாதத்தில் 9,400 கேஸிங், 611 ரிஜெக்ஷன். பிந்தைய ஆறு மாதத்தில் 9,600, ரிஜெக்ஷன் 307. கணக்கு சரி. ஆனால் காரணம் எழுதும் பத்தியைக் கூட்டிப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. ப்ளோ ஹோலால், அதாவது வார்க்கும்போது காற்று சிக்கி விழும் ஓட்டையால், போனது 432லிருந்து 148 ஆகியிருக்கிறது. மெஷினிங்கில் தப்பாகிப் போனது 179லிருந்து 159தான். இன்வர்டு ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால், எண் விழ ஆரம்பித்த அதே மாதத்தில் கேஸ்டிங் வரும் ஃபவுண்டரி மாறியிருக்கிறது. குறைந்தது பெரும்பாலும் அவர்கள் வார்ப்பால், பர்ச்சேஸ் எடுத்த முடிவால். என் ஷிஃப்டின் பங்கு 1.9 சதவீதத்திலிருந்து 1.7.

நான் யாரையும் ஏமாற்ற நினைத்ததில்லை, இத்தனை வருடமும் அது என் வேலை என்று நம்பித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். ரெஸ்யூமேயில் நீங்கள் ரொம்பவும் நேசிக்கும் வரி எதுவோ, அதைத்தான் முதலில் ரெஜிஸ்டரோடு ஒத்துப் பாருங்கள். காரணவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அதே மாதத்தில் வேறு என்ன மாறியது என்று தேடுங்கள். நேர்காணலில் எதிரில் உட்காருபவர் இந்த வேலையில் முப்பது வருடம் இருந்தவர். "ப்ளோ ஹோல் எவ்வளவு?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

எழுதியது

ரெஸ்யூமே ஆங்கிலத்தில்தான் எழுதினேன், இங்கே தமிழில் தருகிறேன். பழையது: "உற்பத்தி, ஆள் மேலாண்மை, தரக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் பொறுப்பு." இது என் நாற்காலியைப் பற்றிய வரி. அதில் யார் உட்கார்ந்தாலும் பொருந்தும்.

புதியது: "லைனின் நெரிசல் வி.எம்.சி. என்பதை இரண்டு வாரக் கணக்கெடுப்பில் கண்டறிந்தேன். செட்டிங் நேரம் 74 நிமிடத்திலிருந்து 31. வாரம் 43 பீஸ் கூடுதல். லொக்கேட்டிங் பின் யோசனை ஆபரேட்டருடையது. அளந்தது, அனுமதி பெற்றது, செய்து முடித்தது என் பொறுப்பு."

யோசனை தந்தவரைப் பற்றி எழுதினால் நம் மதிப்பு குறையும் என்று நண்பர் ஒருவர் தடுத்தார். எனக்கு ஒப்பவில்லை. சூப்பர்வைசர் வேலையே கீழே இருப்பவர் சொல்வதைக் கேட்டு நடக்க வைப்பதுதான். அதை மறைத்துவிட்டு வேறு எதைக் காட்டுவது? ரிஜெக்ஷன் வரியை 1.9லிருந்து 1.7 என்று மாற்றிக் கீழே போட்டேன்.

பழைய ரெஸ்யூமே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காலமாக, நட்சத்திரம், பட்டை எல்லாம் போட்ட வார்ப்புரு. அதை முழுவதும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். போன் நம்பர் படிப்புக்கு நடுவில் வந்து விழுந்தது, 2013 இருந்த இடத்தில் கம்பெனி பெயரைக் காணோம். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் பலவும் இப்படித்தான் எழுத்தை உருவி எடுக்கும். ஒரே காலம், சாதாரண எழுத்து, ஒன்றரைப் பக்கம் என்று மாற்றினேன். லிங்க்டின், நௌக்ரி இரண்டிலும் அதே தேதி, அதே வரிகள். லிங்க்டினில் பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்துதான் இடம். பதவியோடு, எந்த வகை மெஷின், எந்த வகைப் பொருள் என்பதும் அதில் இருக்கட்டும்.

பத்து நிமிடம்

பிப்ரவரியில் மறுபடி ஒரு பதவி வந்தது, அசெம்பிளி வரை சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு. இந்த முறை பத்து நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். வீட்டு மொட்டை மாடியில் நின்று போனில் பதிவு செய்தேன். 17 நிமிடம் வந்தது. கேட்டுப் பார்த்தால் முதல் ஆறு நிமிடம் நான் படித்த பாலிடெக்னிக்கிலேயே நிற்கிறேன். வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டே, "ஏனுங்க, கடைசியில சொல்றீங்களே அந்த 74, 31, அத மொதல்லயே சொல்லிப்போடலாம்ல" என்றாள்.

மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்த பார்பரா மின்டோ சொன்ன முறையும் அதுதான். முடிவை முதலில் வை, காரணங்களை அதன் கீழே அடுக்கு. நாம் கதை சொல்லும் பழக்கம் இதற்கு நேர் எதிர், அதனால் கஷ்டமாக இருந்தது. ஐந்தாவது பதிவில் ஒன்பதரை நிமிடத்துக்கு வந்தது. ஸ்லைடு போடவில்லை. ஒரே ஒரு ஏ3 தாள், டொயோட்டாவில் பிரச்சினையை எழுதும் வழக்கத்தைப் பார்த்து. இடப்பக்கம் எட்டு மணிக் குவியல் கணக்கும் 74 நிமிடப் பிரிவும். வலப்பக்கம் செய்தது, 31 நிமிடம், இன்னும் தீராதது.

தீராதது என்ற கட்டத்தில் இதை எழுதியிருந்தேன்: வி.எம்.சி.க்காக மாதம் மூன்று ஞாயிறு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இருந்தது, இப்போது இல்லை. கம்பெனிக்கு அது மிச்சம், இரண்டு ஆபரேட்டர்களுக்குச் சம்பளத்தில் துண்டு. அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் பின் யோசனை சொன்னவர். அவர் பையன் அந்த வருடம்தான் காலேஜ் சேர்ந்திருந்தான்.

போன வருடம் கேள்வி கேட்ட அதே மூத்தவர்தான் இந்த முறையும் இருந்தார். 43 பீஸ் பற்றி இரண்டு நிமிடம் கேட்டார். ஓ.டி. பற்றி எட்டு நிமிடம் கேட்டார். என்ன செய்யலாம் என்றார். செட்டிங் செய்யத் தெரிந்தவருக்குத் தனி கிரேடு வேண்டும், மிச்சத்தில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும் என்று கணக்கோடு சொன்னேன். மார்ச்சில் எனக்கு ஆர்டர் வந்தது. கிரேடு கோப்பு இன்னும் மாடியில்தான் இருக்கிறது, வாரா வாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பத்து நிமிடம் நோட்டில் எழுதுகிறேன். என்ன மாறியது, எவ்வளவு, யார் செய்தது, எந்த ரெஜிஸ்டரில் எந்தத் தேதி. அடுத்த ரெஸ்யூமேக்கு ஞாபகத்தை நம்பப் போவதில்லை. மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1999இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் எழுதியதில் ஒரு பழக்கம் சொல்கிறார். முக்கியமான முடிவு எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை எழுதிவைத்து, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து நடந்ததோடு ஒத்துப்பார்க்க வேண்டும். மார்ச் ஆர்டர் வந்த அன்று அப்படி ஒரு தாள் எழுதிக் கவரில் போட்டு ஒட்டியிருக்கிறேன். டிசம்பரில் பிரிப்பேன்.

'தி கோல்' முடித்துவிட்டேன். ஒரு நெரிசலை எடுத்தால் அது வேறு இடத்துக்குப் போகும், மறுபடி முதலிலிருந்து தேடு என்பது அதில் வருகிறது. ஓரத்தில் எழுத வேண்டியதை இன்று காலை எட்டு மணிக்கு எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினேன்: வி.எம்.சி. முன்னால் 38. ஹைட்ரோ டெஸ்ட் பெஞ்ச் முன்னால் 96.